இரு நோயும் ஒரு வேரும்



மரவள்ளிக் கிழங்கின் துண்டொன்றில் அயோடின் கரைசலை ஒரு துளி விடுங்கள், கருநீலமாக மாறும். மாப்பொருளை அறியும் இச்சோதனையைப் படப்பையில் ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டியவன் நான். பேரறிஞர் ஒருவரையே இது ஏமாற்றியது என்பதை ஓய்வுபெற்ற பின்னரே அறிந்தேன்.

ஜெர்மனி நாட்டு ருடால்ஃப் விர்ச்சோ என்பார், 1854ஆம் ஆண்டில், மனித உடலின் திசுவில் படிந்திருந்த ஒரு பொருளின்மேல் அயோடினையும் கந்தக அமிலத்தையும் இட்டுப் பார்த்தார். நிறம் மாறிற்று. மாப்பொருளே என்றெண்ணி, மாவைப் போன்றது எனப் பொருள்படும் ‘அமிலாய்டு’ என்னும் பெயரை வழங்கினார். 1859இல் பிரீட்ரைக் என்பாரும், பென்சீன் வளையத்தால் நீங்கள் அறிந்த கெக்குலேயும் அது மாப்பொருளன்று, புரதமே என்று காட்டினர். பிழை திருந்திற்று, பெயர் நிலைத்துவிட்டது.

புரதம் நோயாவது எங்ஙனம்? முறையாக மடிந்திருக்க வேண்டிய புரதம் தவறாக மடிந்து, நுண்ணிய நார்களாகி, சிறுநீரகம், இதயம், நரம்பு, நாக்கு முதலியவற்றில் படிகிறது. வண்டல் படிந்த வாய்க்காலில் நீரோட்டம் குன்றுவது போல, உறுப்பின் தொழில் குன்றுகிறது.

அப்புரதம் வரும் வழிகள் பல. நாட்பட்ட காசநோய் அவற்றுள் ஒன்று. நம் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய் மருத்துவமனையை நிறுவிய காலத்தில், அந்நோய்க் கிருமியை அழிக்கும் மருந்து இல்லை. ஆண்டுக்கணக்கில் நீடித்த அழற்சியால் ஈரல் ஒரு புரதத்தை மிகுதியாகச் சுரக்க, அது படிவதுண்டு. மற்றொரு வழி மிக அரியது. அதுவே நிணநீர்ப் புற்றுநோய். கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளை ஆக்குவது ஒருவகை வெள்ளணு. அவ்வணு புற்றாகிப் பெருகும்போது, சிற்சிலரிடத்தில் எதிர்ப்பொருளின் துண்டொன்றை அளவின்றி வெளிவிடுகிறது. அத்துண்டே அமிலாய்டு ஆகிறது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டிற்று. வலியில்லாமையால் அவர் பொருட்படுத்தவில்லை. சில மாதங்களில் கால் வீங்கிற்று, சிறுநீர் நுரைத்தது. நெறிக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒரு மருத்துவர் என அலைந்தார். “வயதாயிற்று, ஒன்றன்பின் ஒன்று வரத்தானே செய்யும்” என்று நானும் ஆறுதல் கூறினேன். இளம் மருத்துவர் ஒருவர்தாம், “ஐயா, இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாமல்லவா?” என்று வினவினார். நெறியில் ஒரு துணுக்கும், வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் சிறிதும் எடுத்துச் சோதித்தனர். நெறியில் இருந்தது புற்று. கொழுப்பில் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றித் தளவிளைவுற்ற ஒளியில் நோக்கியபோது பச்சை நிறம் தோன்றிற்று. அஃது அமிலாய்டின் அடையாளம்.

புற்றணுக்களை அடக்கும் மருந்தைத் தொடங்கினர். ஊற்று அடைபட்டால் வண்டல் சேர்வது நிற்குமன்றோ? வீக்கம் மெல்லக் குறைந்தது. ஆயினும் அவருடைய இதயம் பழைய வலிமையைப் பெறவில்லை. என் ஆறுதலால் கழிந்த மாதங்களை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

நெறி கட்டுவதெல்லாம் புற்றன்று. கால் வீக்கமெல்லாம் அமிலாய்டன்று. எனினும், வாரக்கணக்கில் வடியாத நெறியையும் நுரைக்கும் சிறுநீரையும் வீட்டுப் பெரியவர்கள் கூறக் கேட்டால், இரண்டையும் ஒரே மருத்துவரிடம் ஒருசேரச் சொல்லச் செய்யுங்கள். ஒரு விடை கிடைத்தவுடன் வினாவை மூடிவிடாதீர்கள்; அறிவியல் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.