உழைக்கும் காலுக்கு உறுதியான பாதரட்சை

பாதத்தின் வழியே புகும் பிணிகள்

வெறுங்காலோடு நடப்பதே தேகத்துக்கு நலம் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெருக்கித் தெளித்த முற்றத்திலே அது பொருந்தலாமேயன்றி, பொழுது புலருமுன் வரப்பிலும் கரும்புக் கொல்லையிலும் தேயிலைத் தோட்டத்துப் புதரிலும் இறங்கி உழைக்கிற ஜனங்களுக்குச் சற்றும் பொருந்தாது. மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு, பாதத்தின் மெல்லிய தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே ஓயாமல் உதிரத்தை உறிஞ்சி, காலக்கிரமத்தில் ஆளைச் சோகையில் தள்ளிவிடுகிறது. எலியின் மூத்திரம் கலந்த நீர் காற்கீறலில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம்; முள்ளும் துருவேறிய ஆணியும் குத்திய காயம் ரணஜன்னிக்கு வாசலாகும்.

எல்லாவற்றினும் கொடியது சர்ப்ப விஷம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டிருப்பர் என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். கடிகளில் பெரும்பாலானவை காலிலேயே, அதிலும் பாதத்திலும் கணுக்காலிலுமே படுகின்றன என்பதை எண்ணும்போது, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை எட்டும் ஒரு கம்பூட்ஸ் எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கக்கூடும் என்று மனம் பதைக்கிறது. பூட்ஸ் அணிந்தவருக்கு அபாயமே இல்லை என்பதன்று. டார்ச் விளக்கும் கைத்தடியும் அப்போதும் வேண்டும், கடிபட்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டும்.

சந்தியைப் பார்த்து வாங்குக

அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் லியான் பீன் என்பவர், வேட்டைக்குப் போகுந்தோறும் கால் நனைந்து திரும்புவதில் சலிப்புற்று, அடிப்பாகம் ரப்பரும் மேற்பாகம் தோலுமாக ஒரு பூட்ஸை அமைத்து 1912-இல் விற்கத் தொடங்கினார். முதல் 100 ஜோடிகளில் 90, ரப்பரும் தோலும் பிரிந்துபோய்த் திரும்பி வந்துவிட, அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறையை நீக்கி மீண்டும் செய்தார். இன்றைக்கும் பூட்ஸ் முதலில் தோற்கும் இடம் அந்தச் சந்திதான். ஆகையால் கடையிலே பளபளப்பைப் பாராமல், முன்பாகத்தை வளைத்து, மேல்தோலும் அடியும் சேரும் விளிம்பைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் தைத்த பூட்ஸுக்குத் தேய்ந்த அடியை மாற்றிப் புதிது போடலாம். பசையால் மட்டும் ஒட்டியது அந்த அளவுக்குப் பழுதுபார்க்க இடந்தராது. பாலியுரேத்தேன் அடிகளுக்கு வேறொரு சுபாவம் உண்டு: அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்குவது வீண் செலவு.

கல்லும் மரமும் விழக்கூடிய வேலைக்கு ஐ.எஸ். 15298 முத்திரையுள்ள பாதுகாப்புப் பூட்ஸ் உண்டா என்று கேட்டு வாங்கலாம். முழங்கால் அளவு சேற்றில் நாற்று நடுவோருக்குக் கம்பூட்ஸ் உதவாது, காலைப் பிடித்துக்கொள்ளும். இரவில் நீர் பாய்ச்சவும் புல் அறுக்கவும் போகிறவருக்கு அதுவே தகும்.

அளவும் ஈரமும்

பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்குமாதலால், அந்த நேரத்தில், வேலைக்கு அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். விரல்நுனிக்கு முன்னே ஒரு கட்டைவிரல் இடம் இருக்கவேண்டும், நடக்கையில் குதிகால் தூக்கக்கூடாது. ரப்பருக்குள் வியர்வை தேங்கினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்; மாற்றுக் காலுறை ஒன்றை மடியில் வைத்திருப்பது மிகுந்த பிரயோஜனம். நனைந்த தோல்பூட்ஸை அடுப்பருகே வைத்தால் வெடிக்கும். பழைய காகிதத்தை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துவதே முறை. காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும், தேளோ பூரானோ உள்ளே ஒளிந்திருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: உணர்ச்சி மங்கிய பாதத்தில் பூட்ஸ் உரசிய கொப்புளமோ உள்ளே கிடந்த சிறுகல்லோ தெரியாமலே புண்ணாகி, காலையே இழக்கும்படி நேரலாம், இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

வாங்கித் தருவோர் கவனத்துக்கு

தினக்கூலியில் வாழ்வோர் தம் கைப்பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்குவது அரிது. தோட்ட நிர்வாகமும் நிலச் சொந்தக்காரரும் அதை மண்வெட்டி அரிவாளைப்போல் வேலைக்கருவியாகவே கருதித் தருவதுதான் நியாயம். தரும்போதும் ஒரே அளவில் மூட்டையாக வாங்கிக் குவிக்காமல், ஒவ்வொருவர் பாதத்தையும் அளந்து, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஏற்ற சிறிய அளவுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். இல்லாவிடில் அவை வீட்டு மூலையில் கிடக்க, பழையபடி வெறுங்கால்களே தோட்டத்துக்குப் போகும்.