அரை நூற்றாண்டு உழைத்த 'நூரி'

நூரி என்பது மலாய் மொழியில் கிளி இனத்தைச் சேர்ந்த ஓர் அழகிய பறவையின் பெயராகும். அப்பெயரைத் தாங்கி, 1968ஆம் ஆண்டு முதல் 50 ஆண்டுகளுக்கு மேல் நம் நாட்டு வானில் பறந்த ஹெலிகாப்டரை அறியாதோர் வெகு சிலரே. அது எதற்காக வந்தது, என்னென்ன பணியாற்றியது, அத்துணைக் காலம் எவ்வாறு உழைத்தது, இறுதியில் ஏன் நிறுத்தப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் அமைப்பும்

அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டு அந்நாட்டுக் கடற்படைக்காக 'சீ கிங்' என்னும் ஹெலிகாப்டரை உருவாக்கியது. 1959ஆம் ஆண்டில் அது முதன்முறையாகப் பறந்தது. 1969இல் சந்திரனுக்குச் சென்று திரும்பிய அப்பல்லோ 11 விண்வெளி வீரர்களைப் பசிபிக் கடலிலிருந்து தூக்கிக் கப்பலில் சேர்த்ததும் இவ்வகை ஹெலிகாப்டரே. ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்வதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட அதன் மற்றொரு வடிவமே நம் நூரி. அரச மலேசிய ஆகாயப் படை ஏறத்தாழ 40 நூரிகளை வாங்கியது.

நூரியின் அடிப்பாகம் படகு போன்றது. கூரைமேல் 5 நீண்ட இறக்கைகள் சுழலும். அவை வரையும் வட்டத்தின் குறுக்களவு 62 அடி. சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ள, ஊர்தி மேலே எழுகிறது. மேலிருக்கும் இறக்கைகள் ஒரு பக்கம் சுழலும்போது ஊர்தியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்ப முற்படும். வாலிலுள்ள சிறு விசிறி அதனைத் தடுத்து நேராக நிறுத்துகிறது. ஓட்டத்திற்கு இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஒன்று பழுதுற்றால் மற்றதன் துணையால் இறங்க வழி தேடலாம்.

காட்டிலும் வெள்ளத்திலும்

நூரி வந்த அதே 1968ஆம் ஆண்டில், தாய்லாந்து எல்லையோரக் காடுகளில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் மீண்டும் தலைதூக்கியது. வீரர்கள் பல நாள் நடந்து சேர வேண்டிய இடங்களுக்கு நூரி சில நிமிடங்களில் கொண்டு சேர்த்தது. மரங்களை வெட்டி அமைத்த சிறு வெளியில் இறங்கி உணவும் மருந்தும் தந்தது. காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தது. இப்பணி உயிர்ப்பலியும் கேட்டது. 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் கெடா மாநிலத்தின் கூபிர் பகுதியில், நடவடிக்கையில் ஈடுபட்டிருந்த ஒரு நூரி வீழ்ந்து, அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் கையொப்பமான அமைதி உடன்படிக்கையோடு அப்போராட்டம் முடிவுற்றது.

போர் ஓய்ந்தும் நூரி ஓயவில்லை. சபா, சரவாக் உட்பகுதிகளில் சாலையற்ற சிற்றூர்களுக்கு மருத்துவக் குழுவினரையும், தேர்தல் காலங்களில் வாக்குப் பெட்டிகளையும் அது சுமந்தது. வெள்ளக் காலங்களில் கூரைமேல் தவித்தோரைக் காத்தது. உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்தது.

நீண்ட ஆயுளின் இரகசியம்

இயந்திரத்தின் வயதை ஆண்டுகளால் மட்டும் கணக்கிடுவதில்லை. பறந்த மணி நேரமே முதன்மையானது. இறக்கை, பற்சக்கரப் பெட்டி போன்ற உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று வரையறை உண்டு. அது நிறைவுற்றதும், பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும், கழற்றி மாற்றியே ஆகவேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிவதைக் கண்டிருப்பீர்கள். ஓயாமல் அதிரும் உலோகமும் அவ்வாறே சோர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு கொள்ளும். இவ்வகை ஹெலிகாப்டரின் இறக்கைகளுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பர். மயிரிழை அளவு வெடிப்பு ஏற்பட்டாலும் வாயு கசியும். இறக்கையின் அடியிலுள்ள சிறு கருவி அதனைக் காட்டிக்கொடுக்கும். புறப்படும் முன் அதனைப் பார்ப்பது தொழில்நுட்பப் பணியாளரின் கடமை. விமானியின் பெயர் செய்தியில் வரும். திருகாணி முறுக்கியவரின் பெயர் வாராது. எனினும் ஒவ்வொரு பயணத்திலும் பலரின் உயிர் அவர் கையிலும் இருந்தது.

எல்லை எங்கே?

நூரியின் நெடுங்கால வரலாற்றில் விபத்துகள் பல நிகழ்ந்தன. 2007 ஜூலை 13ஆம் நாள் கெந்திங் செம்பா மலைப் பகுதியில் நிகழ்ந்த விபத்தில் 6 படையினர் உயிரிழந்தனர். விபத்து யாவற்றுக்கும் முதுமையே காரணம் எனல் பொருந்தாது. மலைக் காடும் மழை மேகமும் புதிய ஊர்திக்கும் ஆபத்தே. ஆயினும் 40 ஆண்டு கடந்த ஊர்தியில் நம் பிள்ளைகளை இன்னும் அனுப்பலாமா என்னும் கேள்வி அதன்பின் வலுத்தது. ஐரோப்பாவில் உருவான இ.சி. 725 ரக ஹெலிகாப்டர்கள் 12 வாங்கப்பட்டு, 2012ஆம் ஆண்டின் இறுதி முதல் வரலாயின. எனினும் நூரிகளும் உடன் உழைத்தன. 2019ஆம் ஆண்டில் அவற்றின் பறத்தல் நிறுத்தப்பட்டது. 2020 தொடக்கத்தில் ஆகாயப் படை அவற்றுக்கு முற்றிலும் ஓய்வளித்தது.

நாம் கொள்ள வேண்டியது

நூரியின் வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. முறையான பராமரிப்பு ஓர் இயந்திரத்தின் ஆயுளை நீட்டும் என்பது ஒன்று. எத்துணைப் பராமரித்தாலும் ஓர் எல்லை உண்டு என்பது மற்றொன்று. ரப்பர் மரத்திற்கு அவ்வெல்லை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டு வரை என்பதைத் தோட்டத்தார் அறிவர். அதன்பின் மறுநடவு செய்வதே முறை. மரத்தில் எல்லை கடந்தால் பால் குறையும். இயந்திரத்தில் எல்லை கடந்தால் உயிர் போகும்.

ஆகவே, ஆலையில் பால் தகடு உருட்டும் இயந்திரமாயினும், வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரியாயினும், அதன் ஒலி மாறினால், பிரேக் பிடிப்பது தளர்ந்தால், "நேற்றும் ஓடியதே" என்று வாளாவிருத்தல் தகாது. உடனே மேற்பார்வையாளரிடம் கூறுங்கள். பழுது பார்க்கும்வரை அதில் ஏறாதிருங்கள். வேலை ஒரு நாள் தடைபட்டால் மறுநாள் ஈடு செய்யலாம். இழந்த கையையும் உயிரையும் ஈடு செய்வார் எவருமிலர்.