கிருஷ்ணகிரி மாவட்டப் பாறை மறைவிடங்களில் வெண்ணிற ஓவியங்கள்: கல்திட்டை, நடுகல் மரபுகளோடு ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மல்லப்பாடி, மல்லசந்திரம் ஆகிய இடங்களில் உள்ள வெண்ணிறப் பாறை ஓவியங்களின் காலத்தையும் பொருளையும் வரையறுப்பதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஓவியம் இடம்பெறும் கல்லின் தன்மையே காலக்கணிப்புக்கு முதற்சான்று என்பதும், நடுகல் மரபோடு இவற்றை இணைத்தற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: பாறை ஓவியம், கல்திட்டை, நடுகல், மல்லப்பாடி, மல்லசந்திரம்.

முன்னுரை

ஓசூர், சூளகிரி, பர்கூர்ப் பகுதிகள் இன்று சிப்காட் தொழிற்பேட்டைகளாலும் கருங்கல் குவாரிகளாலும் அறியப்படுகின்றன. இந்நிலத்தின் கற்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அக்கற்களிலேயே தொல்மாந்தர் ஓவியம் தீட்டினர். இறந்தோர்க்கு இல்லம் அமைத்தனர். பிற்காலத்தார் வீரர்க்கு நடுகல் எடுத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கே.வி. இராமன் 1978-இல் மல்லப்பாடி ஓவியங்களை வெளிக்கொணர்ந்தார். தமிழகப் பாறை ஓவிய ஆய்வின் தொடக்கமாக இக்கண்டுபிடிப்பு கருதப்படுகிறது.

பாறை மறைவிடத்தின் இயல்பு

‘குகை’ எனும் சொல் இங்கு எச்சரிக்கையுடன் ஆளப்பட வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் நீர் கரைத்து உருவாக்கும் ஆழ்குகைகள் கருங்கல் நிலத்தில் தோன்றுவதில்லை. வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்குவதால் பாறையின் மேற்பரப்பு அடுக்கடுக்காக உரிகிறது; உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால் இடைவெளிகள் உண்டாகின்றன. இவையே ஓவியங்களுக்குரிய மறைவிடங்கள். மறைவிடத்தை உருவாக்கும் அதே உரிதல், ஓவியத்தையும் உடன் உதிர்க்கிறது. எனவே இன்று எஞ்சியிருப்பதை வரையப்பட்டவற்றின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹைடன் ஊருக்கு அருகிலுள்ள கருங்கற் குன்றில் அமைந்த ‘மல்கா குகை’ இதற்கு நல்ல ஒப்பீடாகும். அங்குள்ள தொல்குடி ஓவியங்களுள் பெரும்பான்மையானவை கைப்பதிவுகள். பாறையில் கையை வைத்து, அதைச் சுற்றி வண்ணத்தை ஊதி, கை இருந்த இடத்தை வெற்றிடமாக விடும் முறை அது. மல்லப்பாடியில் உருவமே வெண்ணிறத்தால் நிரப்பப்படுகிறது. கல் ஒருதன்மைத்தாயினும் உருவாக்கும் முறை பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுவதை இது காட்டுகிறது.

காலக்கணிப்பின் சிக்கல்

மல்லப்பாடி ஓவியத்தில் குதிரைமீது அமர்ந்து ஆயுதம் ஏந்திப் பொரும் மனித உருவங்கள் உள்ளன. குதிரையைக் கொண்டு மட்டும் காலத்தை வரையறுத்தல் இயலாது. விதர்ப்பப் பகுதியின் மாகுர்ஜரி போன்ற பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் குதிரை அணிகலன்கள் கிடைத்திருப்பதால், இரும்புக்காலத் தக்காணத்தார் குதிரையை நன்கறிந்திருந்தனர் என்பது தெளிவு. ஆயின் விசயநகரக் காலம் வரையிலும் அதற்குப் பின்னரும் குதிரைவீரர் உருவம் தொடர்ந்து வரையப்பட்டும் செதுக்கப்பட்டும் வந்துள்ளது. வெண்ணிறமும் துணைசெய்வதில்லை. கனிமத்தாலான வண்ணத்தில் கரிமப்பொருள் கலந்திராவிடின் கரிமக் காலக்கணிப்பு பயன்படாது.

இவ்விடத்தில்தான் மல்லசந்திரம் இன்றியமையாததாகிறது. சூளகிரிக்கு அருகே மோரல் பாறையில் பெருந்தொகுதியாக அமைந்துள்ள கல்திட்டைகள் சிலவற்றின் உட்புறப் பலகைக் கற்களில் வெண்ணிற ஓவியங்கள் உள்ளன. இயற்கையான பாறையில் உள்ள ஓவியத்திற்குக் கல்லால் கால எல்லை வகுக்க முடியாது. மனிதர் பெயர்த்தெடுத்து நிறுத்திய பலகைக் கல்லின் உட்புறத்தில் உள்ள ஓவியமோ, பொதுவாக அக்கல் நிறுத்தப்பட்ட காலத்திற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. இதனால் தொல்லெல்லை ஒன்று கிடைக்கிறது. பின்னெல்லை கிடைப்பதில்லை, கல்திட்டைகளுக்குள் பின்வந்தோரும் புகுந்திருக்கலாம். மல்லப்பாடி ஓவியத்தை நிற ஒப்புமையாலும் வடிவ ஒப்புமையாலும் மல்லசந்திரத்தோடு சேர்த்து இரும்புக்காலத்திற்கு உரியதாகக் கொள்வது ஏற்புடைய கருதுகோளே, நிறுவப்பட்ட முடிவன்று.

மயிலாடும்பாறை அகழாய்வு இவ்விவாதத்திற்குப் புதிய பின்னணி தந்துள்ளது. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை செல்வதாகத் தமிழக அரசு 2022 மே மாதம் அறிவித்தது. இரும்புக்காலத்தின் தொடக்கம் பின்னோக்கி நகர்ந்தமையால் கல்திட்டை ஓவியங்களும் தாமே அத்துணைப் பழமை எய்திவிடா. இரும்புக்காலம் நீண்டது, அதில் இவ்வோவியங்களின் இடம் தனியே ஆராயத்தக்கது.

நடுகல் மரபும் ஓவியமும்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுத்தலை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லைக் குறித்து ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் உள்ளது. அவ்வதியமானின் தகடூர்ப் பகுதியே இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி நிலம். தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் வட்டாரங்களுள் ஒன்று. ஆயுதம் ஏந்திய உருவம், கல், இறப்பு ஆகிய மூன்றும் கல்திட்டை ஓவியத்திலும் நடுகல்லிலும் இணைந்து நிற்பதால், முன்னதிலிருந்தே பின்னது தோன்றியது என்று கொள்ளும் விழைவு ஆய்வாளர்க்கு எழுதல் இயல்பு.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நடுகல் புறநோக்கியது. வழிச்செல்வோர் காணவும் ஊரார் படையலிட்டு வழிபடவும் நிறுத்தப்படுவது. பெயரும் பீடும் பொறிக்கப்பெறுவது. கல்திட்டை ஓவியம் அகநோக்கியது. பலகைக் கற்களின் உட்புறத்தில், இறந்தோர்க்குரிய இடத்தை நோக்கி அமைவது, எழுத்தற்றது. முன்னது வாழ்வோர்க்கு உரைப்பது. பின்னது எவர்க்கு உரைத்தது என்பதே வினா. இவ்வேறுபாட்டைக் கடந்து இரண்டையும் ஒரே மரபாக இணைக்க, இடைக்காலச் சான்றுகள் தேவை.

பெயர் வழக்காறுகள்

தமிழகத்தின் பல பகுதிகளில் கல்திட்டைகள் ‘பாண்டவர் வீடு’, ‘வாலியர் வீடு’ எனப்படுகின்றன. கன்னட நாட்டில் ‘மோரியர் மனை’ என வழங்குகின்றன. மோரல் பாறை எனும் பெயரை இக்கன்னட வழக்கோடு ஒப்புநோக்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதியில் ஒரு பாறைக்கு மூன்று பெயர்கள் இருத்தலும் இயல்பே. மல்கா எனும் மாறுகண் அரக்கன் வாழ்ந்த இடமாக ஆஸ்திரேலியக் குகை சொல்லப்படுவதும் இத்தகையதே. செய்தவரை அறியாதபோது மக்கள் கதையால் அவ்விடத்தை நிரப்புகின்றனர். இக்கதைகள் காலச்சான்றாகா, அவ்விடம் அச்சத்தோடும் மதிப்போடும் நினைக்கப்பட்டதற்குச் சான்றாகும்.

பாதுகாப்பும் ஆய்வுக் கடமையும்

நடுவணரசின் தொல்லியற் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கிறது. அறிவிக்கை செய்யப்படாத பாறைக்கு இக்காப்பு இல்லை. மெருகேற்றி ஏற்றுமதி செய்யத்தக்க கருங்கல் கிடைக்கும் மாவட்டத்தில், பதிவு பெறாத ஓவியப் பாறை வெறும் கனிமமாகவே கணக்கிடப்படும். வேலிக்கம்பத்திற்கு ஏற்ற பலகைக் கல்லாகவே கல்திட்டையும் நோக்கப்படும்.

ஆகவே பதிவு செய்தலே முதற்பணி. அளவுகோலுடன் கூடிய ஒளிப்படம், அமைவிடக் குறிப்பு, உரிதலின் நிலை, மும்மொழிகளிலும் வழங்கும் இடப்பெயர், அதனோடு சார்ந்த கதை ஆகிய ஐந்தும் ஒருங்கே தொகுக்கப்பட வேண்டும். முதல் மூன்றும் தொல்லியலாரின் துறை. இறுதி இரண்டும் தமிழ்த்துறையினர் ஆற்றவேண்டியவை.

முடிவுரை

மல்லசந்திர ஓவியங்களுக்குக் கல்திட்டை தொல்லெல்லை தருகிறது. மல்லப்பாடிக்கு அவ்வெல்லை ஒப்புமையால் மட்டுமே பொருந்தும். நடுகல்லோடு உறவு கற்பிக்க அகநோக்கு, புறநோக்கு எனும் வேறுபாடு தடையாக நிற்கிறது. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஓவியம் கல்லோடும் தன் இடத்தோடும் எஞ்சியிருத்தல் வேண்டும். பெயர்த்தெடுக்கப்பட்ட கல் காலத்தையும் இடத்தையும் ஒருங்கே இழந்துவிடுகிறது.