பேட்டரி, ஹைபிரிட், ஹைட்ரஜன்: எந்த வண்டிக்கு எது?

2022 மார்ச் 30. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டொயோட்டாவின் ‘மிராய்’ என்ற ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். அந்த வண்டி புகை விடாது; பின்குழாயில் வருவது வெறும் தண்ணீர்தான். டெல்லிக் காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று சொல்லவே வேண்டாம். ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் நம் ஊர் ஷோரூமுக்குப் போய் ஒரு ஹைட்ரஜன் காரை வாங்கிவிட முடியாது. அதே காலத்தில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் பேட்டரி ஸ்கூட்டர்கள் தெருவுக்குத் தெரு ஓடத் தொடங்கிவிட்டன. மாருதி, டொயோட்டா, ஹோண்டா மூன்றும் ஹைபிரிட் கார்களை விற்கின்றன.

“வண்டி மாத்தணும், எதுக்குப் போகலாம்?” என்று கேட்காத குடும்பம் இல்லை. கேள்வி வீட்டோடு நிற்பதில்லை. அரசு எதற்கு வரியைக் குறைக்க வேண்டும், எதற்கு மானியம் தர வேண்டும் என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர், ஆட்டோ, டவுன் பஸ், வீட்டுக் கார் எல்லாவற்றுக்கும் பேட்டரி. சார்ஜ் போட இடமில்லாமல், ஊர் விட்டு ஊர் ஓடுகிறவருக்கு ஹைபிரிட். ஹைட்ரஜன் போக வேண்டிய இடம் வேறு. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

மூன்றும் ஓடும் விதம்

மூன்று வண்டியிலும் மின் மோட்டார் உண்டு. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பேட்டரி வண்டியில், பிளக்கிலிருந்து ஏற்றிய மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஒரு சிறிய காரில் 30 முதல் 45 யூனிட் வரை பிடிக்கும்.

ஹைபிரிடில் பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. பேட்டரி சின்னது, இரண்டு யூனிட்கூடக் கொள்ளாது. அதற்கு வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை. கிண்டி கத்திப்பாராவில் மாலை ஆறரை மணி நெரிசலில் ஒரு ஹைபிரிட் கார் ஊர்ந்து போகும்போது டேஷ்போர்டு திரையைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். இன்ஜின் அணைந்திருக்கிறது, பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி ஓடுகிறது. பிரேக்கை மிதித்ததும் அம்பு திரும்பி, சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓடுகிறது. சாதாரணக் காரில் பிரேக் சூடாகி வீணாகும் சக்தியை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் திண்டிவனம் நெடுஞ்சாலையில் நூறில் சீராகப் போகும்போது இன்ஜின்தான் பெரும்பாலும் உழைக்கிறது. ஹைபிரிடின் லாபம் அங்கே சுருங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மைல்ட் ஹைபிரிட்’ என்று விற்கப்படும் கார்களில் மோட்டார் தனியாக வண்டியை ஓட்டாது, இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். மைலேஜ் கூடுவது ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ வண்டிகளில்தான்.

ஹைட்ரஜன் காரில் பெரிய பேட்டரிக்குப் பதிலாக ‘ஃப்யூயல் செல்’ இருக்கிறது. டேங்கில் இருக்கும் ஹைட்ரஜனும் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் அதற்குள் சேர்ந்து தண்ணீராகின்றன. அப்போது மின்சாரம் பிறக்கிறது. வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர் 1839-லேயே செய்து காட்டிய தத்துவம் இது.

நூறு யூனிட் எங்கே போகிறது?

ஹைட்ரஜன் பூமியில் தோண்டி எடுக்கும் பெட்ரோல் போன்றதல்ல. பெரும்பாலும் அதை நாம்தான் தயாரிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் செலவாகிறது. அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் சக்தியோ 33 யூனிட்தான். பிறகு அதை 700 பார் அழுத்தத்துக்கு இறுக்க வேண்டும். நம் கார் டயரில் இருப்பதைப் போல முந்நூறு மடங்கு அழுத்தம் அது. கடைசியில் ஃப்யூயல் செல், உள்ளே வந்ததில் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. ஆக, சூரிய மின்தகட்டிலோ காற்றாலையிலோ பிறந்த 100 யூனிட்டில் சக்கரத்தைத் தொடுவது சுமார் 30. பேட்டரி வண்டியில் 70 முதல் 80 யூனிட் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. கிணற்று நீரை நேரே வாய்க்காலில் விடுவதற்கும், ஓட்டைக் குடங்களில் மாற்றி மாற்றிச் சுமந்துபோய் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

“ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாமே” என்பது ஹைட்ரஜனுக்கு ஆதரவான வலுவான வாதம். உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் பெரிய ஏற்பாடு இருக்கிறது. வேகமாக நிரப்பும்போது டேங்க் சூடாகிவிடும் என்பதால் வாயுவை முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். நாசிலைச் செருகி இறுகப் பூட்டியதும், டேங்கின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கார் இன்ஃப்ராரெட் சமிக்ஞையாகப் பம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்தக் குளிருக்கு நாசிலில் பனி படிந்து, நிரப்பி முடிந்த பிறகும் வண்டியை விட்டு வராமல் ஒட்டிக்கொள்வதுண்டு. கசிந்து தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு பங்க்கிலும் இத்தனை பாதுகாப்பையும் செய்ய வேண்டும் என்றால் செலவு கையைக் கடிக்கத்தான் செய்யும்.

கலிஃபோர்னியாவும் நார்வேயும்

இந்தப் பரீட்சையை நமக்கு முன்பே எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹைட்ரஜன் கார்கள் ஓடுவது ஏறத்தாழ கலிஃபோர்னியாவில் மட்டும்தான். அங்கே ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஏழு ஹைட்ரஜன் நிலையங்களையும் 2024 பிப்ரவரியில் மூடியது. சில நிலையங்களில் ஒரு கிலோ 36 டாலர் வரை போனது. மிராய் காரின் டேங்க் 5.6 கிலோ கொள்ளும். ஒரு முறை நிரப்ப சுமார் 200 டாலர். அரசு உதவியும் வசதியும் ஆசையும் இருந்த மாநிலத்திலேயே இந்த நிலை.

நார்வே ஹைட்ரஜன், பேட்டரி இரண்டையும் பார்த்தது. 2019 ஜூனில் ஆஸ்லோவுக்கு அருகே சான்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. அங்கே டொயோட்டாவும் ஹூண்டாயும் ஹைட்ரஜன் கார் விற்பனையைச் சில காலம் நிறுத்தின. பேட்டரி கார்களோ, 2024-ல் அந்த நாட்டில் விற்ற புதிய கார்களில் 89 சதவிகிதத்தைப் பிடித்துவிட்டன. பியூஜோ, ஃபியட், ஜீப் பிராண்டுகளை வைத்திருக்கும் ஸ்டெல்லான்டிஸ், 2025 ஜூலையில் ஹைட்ரஜன் வாகனத் திட்டத்தையே கைவிட்டது.

ஹைபிரிட்: இன்றைக்குச் சமம், நாளைக்கு?

1997-ல் ஜப்பானில் டொயோட்டா ‘பிரியஸ்’ வந்ததிலிருந்து ஹைபிரிட் தன்னை நிரூபித்துவிட்டது. இந்தியாவில் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கி.மீ. தரும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. சாலையில் 20 கிடைத்தால்கூட, அதே அளவுள்ள பெட்ரோல் கார் தரும் 15-ஐவிட அது நல்ல முன்னேற்றம்.

100 கி.மீ. ஓட ஆகும் செலவைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் காருக்கு சுமார் 670 ரூபாய், ஹைபிரிடுக்கு 500 ரூபாய். பேட்டரி காருக்கு சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 15 யூனிட். யூனிட் 9 ரூபாய் வீதம் வீட்டிலேயே போட்டால் 135 ரூபாய். நெடுஞ்சாலையில் யூனிட் 20 ரூபாய்க்குப் போட்டாலும் 300 ரூபாயைத் தாண்டாது.

கரியமில வாயுக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அப்படிப் பார்த்தால் 100 கி.மீ. ஓட, பேட்டரி கார் பத்தரை கிலோ, ஹைபிரிட் பதினொன்றரை கிலோ, பெட்ரோல் கார் 15 கிலோ. பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் வாயுவையும் சேர்த்தால், ஹைபிரிடும் பேட்டரியும் இன்றைய தேதியில் கிட்டத்தட்டச் சமம். ஹைபிரிட் ஆதரவாளர்கள் இதைச் சொல்லும்போது மறுக்க முடியாது. ஹைட்ரஜன் கார் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ குடிக்கும். அதை இதே மின்சாரத்தில் தயாரித்தால் 38 கிலோ! பெட்ரோல் காரைவிட இரண்டரை மடங்கு.

ஆனால் கார் ஒரு நாளைக்கு வாங்கும் பொருள் அல்ல. பதினைந்து ஆண்டு ஓடப்போவது. இன்று வாங்கும் ஹைபிரிட், கடைசி நாள் வரை அதே பெட்ரோலைத்தான் எரிக்கும். பேட்டரி கார் அப்படியில்லை. முப்பந்தலில் ஒரு காற்றாலையும் ராமநாதபுரத்தில் ஒரு சூரிய மின்தகடும் கூடும்போதெல்லாம், நிறுத்தத்தில் நிற்கும் அதே பழைய வண்டி தானாகச் சுத்தமாகிறது. உங்கள் குழந்தை நடந்து போகும் தெருவில் புகை விடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பேட்டரிக் காருக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி.யும், 2025 செப்டம்பர் 22 முதல் ஹைபிரிடுக்கு அளவைப் பொறுத்து 18 அல்லது 40 சதவிகிதமும் என்று வைத்திருப்பது சரியான திசை என்கிறேன்.

பேட்டரியின் பலமும் குறையும்

2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி 2024-ல் அது 115 டாலர். கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இதில் பெரும் பங்கு வகித்தன. அவை மற்ற வகைகளைவிட எளிதில் தீப்பற்றுவதும் இல்லை. அந்த வேதியியலுக்கு அடித்தளமிட்ட ஆய்வில் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், ஜான் குட்இனஃபுடன் டெக்சாஸில் பணியாற்றியவர். 2019-ல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

குறைகளும் இருக்கின்றன. 2022-ல் பல மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றி எரிந்ததை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் பேட்டரிப் பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. பேட்டரி செல்களுக்கு இன்னும் பெரிதும் சீனாவையே நம்பியிருக்கிறோம். எல்லாவற்றையும்விட நடுத்தரக் குடும்பத்தை வாட்டுவது சார்ஜிங் இடம். ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருந்தால் 30 யூனிட் பேட்டரி ஒரே இரவில் நிரம்பிவிடும். அடுக்ககத்தில் அந்த ஒரு பிளக்குக்கு வயர் இழுக்க, சங்கத்தின் அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் எத்தனை பேர்! தொழில்நுட்பம் எப்போதோ தயாராகிவிட்டது. தடங்கல் நம் பார்க்கிங்கில் இருக்கிறது.

ஹைட்ரஜன் போக வேண்டிய இடம்

ஹைட்ரஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பது இலக்கு. அது முதலில் எங்கே போக வேண்டும்? மணலியில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன. தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலை இருக்கிறது. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கவும், யூரியாவுக்கு வேண்டிய அமோனியா தயாரிக்கவும் இத்தகைய ஆலைகளுக்கு ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பேட்டரியால் யூரியா செய்ய முடியாது. அதனால் பசுமை ஹைட்ரஜனில் முதல் உரிமை இந்த ஆலைகளுக்கும், பிறகு இரும்பு உருக்காலைக்கும், நெடுந்தூரக் கப்பலுக்கும்தான்.

கனரக லாரிகளில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. 2025 மார்ச்சில் 37 பஸ், லாரிகளுக்கும் ஒன்பது நிரப்பு நிலையங்களுக்குமாக 208 கோடி ரூபாயில் சோதனைத் திட்டங்களுக்கு மத்திய அரசு அனுமதி தந்திருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாரான ஹைட்ரஜன் ரயிலின் இன்ஜின் பெட்டி 2025 ஜூலையில் சோதனையில் வென்றது நம் பொறியாளர்களுக்குப் பெருமை. ஆனால் அகல ரயில்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில், கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைகளுக்கும் பாரம்பரியப் பாதைகளுக்கும்தான் அது தேவைப்படும். ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் ஹைட்ரஜன் ரயில்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, 2023-ல் இனி வாங்குவது பேட்டரி ரயில்கள்தான் என்று முடிவெடுத்தது.

வாங்கப் போகிறவருக்கும் ஆளுகிறவருக்கும்

வீட்டில் பிளக் பாயின்ட் இருந்து, தினமும் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவரா? பேட்டரி வண்டியை வாங்குங்கள். கார்களின் பேட்டரிக்குப் பரவலாக எட்டு ஆண்டு வாரன்டி தருகிறார்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் போட இடமே இல்லை, நகர நெரிசலும் வெளியூர்ப் பயணமும் அதிகம் என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட் நல்ல துணை. ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். அடுக்ககங்களில் சொந்தச் செலவில் சார்ஜிங் பாயின்ட் போடுவது குடியிருப்பவரின் உரிமை என்று சட்டமாக்குங்கள். பஸ் டெப்போக்களுக்கும் ஆட்டோ நிலையங்களுக்கும் மின் இணைப்பு கொடுங்கள். சென்னை வியாசர்பாடி டெப்போவிலிருந்து 2025 ஜூன் இறுதியில் புறப்பட்ட 120 மின் பேருந்துகளைப் போல, மதுரைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் நெல்லைக்கும் பேருந்துகள் வேண்டும். வெயிலும் காற்றும் தரும் ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்தது. நூறில் எழுபதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழி கையில் இருக்கும்போது, முப்பதோடு நின்றுவிடும் வழிக்கு மக்கள் பணத்தைச் செலவிடாதீர்கள்.