சும்மா கிடக்கும் மவுஸ், மாறும் சுட்டி

ஜிவிம் எடிட்டரில் ஆங்கில ‘i’ விசையைத் தட்டினால் எழுதும் நிலை வரும். மவுஸை யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையிலிருந்த அம்புக்குறி மெல்லிய செங்குத்துக் கோடாகிவிடும். எப்படி?

மவுஸ் நகரும்போது வடிவம் மாறுவதில் பெரிய வித்தை இல்லை. விண்டோஸில் சுட்டி ஒரு ஜன்னலுக்குள் அசையும்போதெல்லாம், எந்த வடிவம் வேண்டும் என்று கேட்டு இயங்குதளமே நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. சுட்டி நிற்கும் இடத்தைப் பார்த்து நிரல் பதில் சொல்கிறது. ஜிவிம் ஜன்னலில் இரு பகுதிகளுக்கு நடுவிலுள்ள நிலைப்பட்டையின் மேல் வந்தால் மேலும் கீழும் முனைகொண்ட அம்பு.

மவுஸ் சும்மா கிடந்தால்தான் சிக்கல். அசைவில்லை, கேள்வியும் வராது. அப்போது நிலை மாறியதும் ஜிவிம் தானாகவே கணக்குப் போடுகிறது. வேண்டிய வடிவம் இப்போதுள்ளதிலிருந்து வேறுபட்டால் மட்டுமே மாற்றுகிறது. இன்னும் விசைகள் வரிசையில் காத்திருந்தால் அந்த வேலையையும் தள்ளிப்போடுகிறது. ஒரு குறுக்குவிசை பத்து கட்டளைகளை ஓட்டும்போது பத்து முறை சுட்டியை மாற்றுவானேன்? சோம்பல்தான், ஆனால் கெட்டிக்காரச் சோம்பல்.

வடிவம் எதுவானாலும் சொடுக்கு விழுவது ஒரே பிக்சலில்தான். அம்புக்கு அது நுனி. செங்குத்துக் கோட்டுக்கோ நடுப்பகுதி.