பிளக்கைப் பிடுங்கினாலும் ஷாக் அடிக்கும்

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த பச்சை எழுத்து மானிட்டரானாலும் சரி, 1990களின் கலர் மானிட்டரானாலும் சரி, பின்மூடியைக் கழற்றுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஆபத்து எங்கே?

கலர் பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. கண்ணாடியின் உள்ளும் புறமும் உள்ள கரிப்பூச்சு டியூபையே கண்டன்சராக்கிவிடுவதால், அந்தச் சார்ஜ் நாள்கணக்கில்கூட நிற்கலாம். பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் இருக்கும். உயிரைப் பறிக்க அதுவே போதும். தேங்கிய மின்சாரம் லைனிலிருந்து வருவதல்ல என்பதால் வீட்டு ஈஎல்சிபி இங்கே உதவாது.

சார்ஜை இறக்கும் முறை

மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னல் கம்பியில் ஒரு வயரின் கிளிப்பை மாட்டி, மறுமுனையை நல்ல இன்சுலேஷன் கைப்பிடியுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் இணையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை, டியூபில் உயர் வோல்ட் வயர் வந்து சேரும் இடத்திலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து உள்ளிருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். ‘டப்’ என்ற சத்தம் வரலாம். வராவிட்டாலும் சார்ஜ் இல்லை என்று நம்பாதீர்கள். சில நிமிடம் கழித்துச் சார்ஜ் மீண்டும் ஊறும், திரும்பவும் இறக்குங்கள். பவர் சப்ளை கண்டன்சரை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் பாருங்கள்.

டியூபுக்குள் வெற்றிடம் இருக்கிறது. மெல்லிய கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடைந்து சில்லுகள் சிதறலாம். இதில் பழக்கமில்லாதவர்கள் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஷாக் அடித்தால்

முதலில் மெயினை அணையுங்கள்; அதுவரை ஷாக் அடித்தவரைத் தொடாதீர்கள். மூச்சில்லையென்றால் 108ஐ அழைத்து நெஞ்சழுத்தம் கொடுங்கள். தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பு தடுமாறலாம்.

உங்கள் உரிமை

கடையில் கொடுத்தால் செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், பில் கேளுங்கள். வேலையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்றில்லை.

சரிசெய்ய முடியாததைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அங்கே அதை உடைப்பவரின் உடலுக்குள்தான் அது போகும். மின்னணுக் கழிவு விதிகள் 2022இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படையுங்கள்.