கரை சேர்ந்த பிறகுதான் வேலையே! 238 நாள் படகையே வீடாக்கிய 2 வீராங்கனைகள்

ஈரோடு,

கருங்கல்பாளையம் காவிரிப் பாலத்தில் நின்று பரிசலை வேடிக்கை பார்க்கிறவர்கள் நாம். கடலைப் பார்க்க ஆசை வந்தால் ரெயில் ஏறித்தான் போக வேண்டும். "ஏனுங்க, யாட் கிளப்புன்னா பணக்காரங்க சாயங்காலம் வந்து காத்து வாங்குற இடமுங்களா?" என்று ஒருவர் கேட்டால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால், 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்படி ஒரு கிளப்பில் ஒரு பாய்மரப் படகு 15 நாள் கட்டிக் கிடந்தது. அந்த 15 நாளில் நடந்த வேலையில்தான் 2 பெண்களின் உயிர் இருந்தது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2 பேர், ஒரு படகு

படகின் பெயர் 'தாரிணி'. ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள தாரா தாரிணி அம்மனின் பெயர். கோவாவில் கட்டப்பட்டு, 2017-ல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீளம் 56 அடி. அதாவது நம்ம டவுன் பஸ் ஒன்றரை பஸ் நீளம். அகலம் 16 அடி. பாய்மரத்தின் உயரம் மட்டும் 80 அடிக்கு மேல்!

இந்தப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் கடற்படை அதிகாரிகள் 2 பேர். ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. புதுச்சேரிப் பெண். மற்றொருவர் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. கேரள மாநிலம் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். தன்னந்தனியாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியரான அபிலாஷ் டோமிதான் இவர்களுக்குக் குரு. 3 வருடப் பயிற்சியில் 38 ஆயிரம் கடல் மைல் ஓட்டிப் பழகிய பிறகுதான் இந்தப் பெரிய பயணம்.

2024 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று கோவாவில் இருந்து கிளம்பினார்கள். காற்றுதான் எஞ்சின். பாய்தான் ஆக்சிலேட்டர். போக வேண்டிய தூரம் 25 ஆயிரத்து 400 கடல் மைல். கிலோ மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 47 ஆயிரம். ஈரோட்டில் இருந்து சென்னைக்கு 60 தடவை போய்த் திரும்பினால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு!

ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். உதவிக்கு மூன்றாவது ஆள் கிடையாது. ஜனவரி 30-ந் தேதி அவர்கள் கடந்த 'பாயிண்ட் நீமோ' என்ற இடத்தில் இருந்து எந்தத் திசையில் போனாலும் 2 ஆயிரத்து 600 கிலோ மீட்டருக்கு மண்ணே கிடையாது. தலைக்கு மேலே விண்வெளி நிலையம் போகும் நேரத்தில், அதில் இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

வழியில் 4 இடங்களில்தான் கரை. ஆஸ்திரேலியாவில் பிரிமேன்டில். நியூசிலாந்தில் லிட்டல்டன். தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் போர்ட் ஸ்டான்லி. கடைசியாக தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுன்.

மார்ச் 31-ந் தேதி தாரிணி கேப்டவுனுக்கு வந்து சேர்ந்தது. ராயல் கேப் யாட் கிளப்பில் படகைக் கட்டினார்கள். ஏப்ரல் 15-ந் தேதி வரை அங்கே பராமரிப்பு, பழுதுபார்ப்பு.

"கரைக்கு வந்தாச்சு. அப்புறம் என்னங்க, காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே?"

அதுதான் இல்லை.

2018-ல் நடந்தது என்ன?

இதே தாரிணிப் படகு 2017-ல் ஒரு தடவை உலகைச் சுற்றக் கிளம்பியது. அப்போது படகில் இருந்தவர்கள் 6 பெண்கள். தலைவி லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷி. 2018 மார்ச் மாதம் கேப்டவுன் வந்து, அங்கிருந்து ஊருக்குக் கிளம்பினார்கள். கடைசிக் கட்டம். கோவா கண்ணுக்குத் தெரியாத குறைதான்.

நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் கருவி மக்கர் செய்துவிட்டது!

சுக்கான் இல்லாத படகும், ஸ்டியரிங் இல்லாத லாரியும் ஒன்றுதான். வேறு வழி இல்லாமல் மொரீஷியஸ் தீவில் போர்ட் லூயி துறைமுகத்துக்குள் படகைக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு, 2018 மே 21-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 254 நாள்.

7 வருடம் கழித்து அதே படகு. அதே கேப்டவுன். அதே கடைசிக் கட்டம். ஆனால் இந்தத் தடவை படகில் 6 பேர் இல்லை, 2 பேர்தான். அந்த 15 நாளின் மதிப்பு இப்போது புரிகிறதா?

கிளப்பா, லாட்ஜா?

ராயல் கேப் யாட் கிளப் 1905-ல் தொடங்கியது. நம் சென்னைத் துறைமுகத்துக்குள்ளும் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் கொச்சி போல்காட்டித் தீவில் ஒரு படகுத் துறை உண்டு.

இங்கெல்லாம் தண்ணீரில் மிதக்கும் மேடைகள் இருக்கும். அலை ஏறினால் மேடையும் ஏறும். இறங்கினால் இறங்கும். அதை ஒட்டி வரிசையாகப் படகுகளைக் கட்டுவார்கள். லாட்ஜில் ரூமுக்கு வாடகை. இங்கே பெரும்பாலும் படகின் நீளத்துக்கு வாடகை! உலகம் சுற்றுகிற பலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, இப்படிக் கிளப்புகளில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அந்தக் குடித்தனம் எப்படி இருக்கும்?

தண்ணீரும் கரண்டும்

ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாநகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போடலாம். கரண்டு போனால் மின்வாரியத்துக்குப் போன் போடலாம். படகில் மாநகராட்சியும் நீதான், மின்வாரியமும் நீதான்!

கிளப் மேடையில் ஒரு குழாயும், ஒரு பிளக் பாயிண்டும் இருக்கும். ஓஸ் பைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொள்ள வேண்டும். தொட்டியில் அழுக்கோ டீசலோ கலந்தால், அது தெரிய வருவது நடுக்கடலில் தாகம் எடுக்கும்போதுதான். எனவே நிரப்புவதற்கு முன்பே கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும். கடல் நீரைக் குடிநீராக மாற்றும் எந்திரம் உள்ள படகுகள் உண்டு. ஆனால் துறைமுகத்துக்குள் அதை ஓட்டக்கூடாது. எண்ணெய் கலந்த தண்ணீர் உள்ளே போனால் சல்லடை கெட்டுவிடும்.

கரைக் கரண்டில் பேட்டரி ஏறுவது வசதிதான். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பக்கத்துப் படகில் வயர் சரியில்லை என்றால் தண்ணீர் வழியாகக் கசிகிற மின்சாரம் நம் படகின் இரும்பு, பித்தளைச் சாமான்களை அரித்துவிடும். அதற்காகவே படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்கள். அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும். தேய்ந்துபோனால் புதுசு மாட்ட வேண்டும்.

கக்கூஸ், கரப்பான், கியாஸ்

படகில் கக்கூஸ் உண்டு. ஆனால் நல்ல துறைகளில் கட்டியிருக்கும்போது அதைத் தண்ணீரில் திறந்துவிட அனுமதி கிடையாது. நள்ளிரவு ஆனாலும் எழுந்து, ஆடுகிற மேடை மேல் நடந்து, கிளப் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். குளியலும், துணி துவைப்பதும் அங்கேதான். உப்புத் தண்ணீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் காயவே காயாது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சாமான் வாங்குவதில் ஒரு விதி இருக்கிறது. அட்டைப் பெட்டியைப் படகுக்குள் கொண்டு வரவே கூடாது! அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். ஒன்று நுழைந்தால் நடுக்கடலில் ஊரே கூடிவிடும். அரிசி, பருப்பு, டின் எல்லாவற்றையும் மேடையிலேயே பிரித்து, அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, சாமானை மட்டும் உள்ளே எடுத்துப் போவார்கள்.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய விஷயம் கியாஸ். சமையல் கியாஸ் காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து வெளியேற்றலாம். படகு ஒரு சட்டி மாதிரி. கசிகிற கியாஸ் அடியில் போய்த் தேங்கிவிடும். ஒரு பொறி போதும், படகே காலி! அதனால் சோறு வெந்ததும் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது. சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும், ஒவ்வொரு வேளையும்.

தூக்கம் கெடுக்கும் கயிறு

கேப்டவுனில் கோடைக் காலத்தில் தென்கிழக்கில் இருந்து ஒரு பேய்க்காற்று வரும். நகரத்தின் அழுக்கை எல்லாம் ஊதித் தள்ளிவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் அதற்கு 'கேப் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு டாக்டர். கட்டிக் கிடக்கும் படகுக்கு எமன்!

காற்று அடித்தால் படகு மேடையில் மோதும். கட்டிய கயிறு ஒரே இடத்தில் உரசி உரசி நூல் நூலாகப் பிரியும். ராத்திரி 2 மணியானாலும் எழுந்து, கயிறு உரசும் இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும். பாய்மரத்தில் தொங்கும் கயிறுகள் 'டங்... டங்...' என்று விடியும்வரை அடிக்கும். அதை இழுத்துக் கட்டாவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

80 அடி உயரத்தில்...

இத்தனைக்கும் மேல் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் பாய்மரம் ஏறுவது.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பவை இரும்புக் கம்பி வடங்கள். அவற்றின் முனையில் விரல் அளவுள்ள ஊசிகள், கொக்கிகள். அதில் ஒன்றில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் புயலில் பாய்மரம் முறிந்து விழும். விரிசல் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. ஒருவர் இடுப்பில் தொட்டில் கட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். இன்னொருவர் கீழே இருந்து கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவரின் உயிர் கீழே இருப்பவரின் கையில்.

பாய்களைப் பிரித்துத் தையல் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பி, பாசியைச் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் படகு நகராது. சுக்கானில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். 2018-ல் காலை வாரியது அதுதான் அல்லவா?

இதற்கு நடுவே சைமன்ஸ் டவுனில் உள்ள தென் ஆப்பிரிக்கக் கடற்படைத் தளம், கார்டன்ஸ் பேயில் உள்ள கடற்படைக் கல்லூரி ஆகியவற்றுக்குச் செல்வதும் இவர்களது நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

ஷெட்டில் நிற்கும் லாரி

இது நம் ஊருக்குப் புரியாத விஷயம் அல்ல. சங்ககிரியில் ஷெட்டில் விட்ட லாரிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும் டிரைவரைப் பார்த்திருக்கிறோம். திருச்செங்கோட்டில் இருந்து வடநாட்டுக்குப் போர் போடப் போகும் ரிக் வண்டியில், மாதக்கணக்கில் வண்டியே வீடாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ஷெட்டில் ஒரு நட்டு சரியாக முறுக்கப்படவில்லை என்றால் அதன் பலன் மலைப்பாதை வளைவில்தான் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மலைப்பாதையில் லாரி நின்றுபோனால் இறங்கி நிற்க ரோடு இருக்கிறது. கை காட்டினால் நிற்க இன்னொரு வண்டி வரும். கடலில் இறங்கி நிற்க இடம் ஏது?

வந்து சேர்ந்தார்கள்!

பிரிமேன்டிலில் 15 நாள், லிட்டல்டனில் 13 நாள், கேப்டவுனில் 15 நாள். இந்த 3 துறைகளில் மட்டும் 43 நாள் தாரிணி கட்டிக் கிடந்தது. வெளியில் இருந்து பார்த்தால் படகு சும்மா நின்ற நாட்கள்.

ஏப்ரல் 15-ந் தேதி கேப்டவுனில் இருந்து கயிற்றை அவிழ்த்தார்கள். இந்தத் தடவை வழியில் எந்தத் துறைமுகத்துக்கும் ஒதுங்கவில்லை. 44 நாள் கழித்து, 2025 மே 29-ந் தேதி, கோவா மர்மகோவா துறைமுகத்துக்குத் தாரிணி வந்தது. ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் நேரில் வந்து வரவேற்றார். 2 பேர் மட்டும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியப் பெண்கள் என்ற பெருமை ரூபாவுக்கும் தில்னாவுக்கும் கிடைத்தது.

அன்று எடுத்த படத்தில் சிரித்தபடி நிற்கிறார்கள், 2 பேரும். பின்னால் பாய்மரம் நேராக நிற்கிறது.

அது நேராக நின்றதற்குக் காரணம், கிளப்பில் கட்டிக் கிடந்த நாட்களில் ஒவ்வொரு ஊசியையும் யாரோ தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான்.